ஒன்றுமில்லாத இடங்களின் வழியே

மஞ்சள். அதைத் தாண்டியும் மஞ்சள். அறுத்து முடித்த கோதுமை வயல்களின் நடுவே ஒரு சாலை. சாலையில் யாருமில்லை. வெயில் மட்டும் இருந்தது, விரித்துப் போட்ட துணி போல.

ஸ்பெயினின் உள்நாடு அது. கடல் எட்டாத பக்கம். இரண்டு கோடைகளுக்கு முன், ரயில் ஜன்னல் வழியே பார்த்தேன்.

எதிர் இருக்கையில் மங்கையர்க்கரசி. என் மகள் பொன்னியின் மாமியார். பக்கத்தில் பொன்னியும் அவள் கணவன் அமுதனும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாட்ரிட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள், இரண்டு அம்மாக்களையும் ஊர் காட்ட அழைத்துப் போகிறார்கள். நாங்கள் இருவரும் தூங்கவில்லை. பேசவும் இல்லை. அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

திரும்பி வந்தபின் அவர் மதுரையில், நான் கோவில்பட்டியில். ஞாயிறு பிற்பகல்களில் போனில் பேசுவோம். ஒரு ஞாயிறு அவர் சொன்னார்.

"ரயில்ல போனா நெனச்ச எடத்துல நிக்க முடியாது சம்பந்தியம்மா. கார்ல போகணும். நான் ஓட்டுறேன். நீங்க வழி சொல்லுங்க."

அவர் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடு ஈனும் ஊர்களுக்கெல்லாம் ஜீப் ஓட்டிப் போனவர். நான் பூகோளம் கற்பித்தவள். உலகத்து நதிகளையெல்லாம் கரும்பலகையில் ஓடவிட்டு, ஒன்றிலும் கால் நனைக்காதவள்.

அப்படித்தான் அந்தச் சாலை எங்களுக்குள் வளர ஆரம்பித்தது. ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம். ஆனி மாதம் போவோம், சூரியகாந்தி பூத்திருக்கும் என்றார். மாட்ரிட்டில் வண்டி எடுத்து வடமேற்கே ஏறுவோம் என்றேன். அவிலாவின் கோட்டைச் சுவர் என்றார் அவர். ரொம்ப நல்லது என்றேன். சலமாங்காவின் பெரிய தேவாலயம் என்றேன் நான். ஆகா என்றார்.

சம்பந்திகளுக்குள் மறுத்துப் பேசும் வழக்கமில்லை. அதிலும் நான் பெண்ணைக் கொடுத்தவள். 'உங்க இஷ்டம்' என்பது என் நாக்கில் உப்பு மாதிரி எப்போதும் இருந்தது.

புரட்டாசியில் பிள்ளைகள் பிரிந்தார்கள்.

சண்டையில்லை. மழை விட்டதும் அவரவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களைப் போலப் பிரிந்தார்கள். பொன்னி நிதானமாகத்தான் சொன்னாள். அந்த நிதானம் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. நானும் பேசவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே போயிற்று.

பக்கத்து வீட்டிலிருக்கும் என் தங்கை கோதை வாசலில் நின்றே தீர்ப்புச் சொன்னாள். "இனி அந்தம்மாகூட என்னக்கா பேச்சு? ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

ஐப்பசி வந்தது. கரிசல் மண் மழையைக் குடித்துக்கொண்டே இருந்தது.

மகளின் கல்யாணம் போனதற்காக அழுதேன். அதை யாரிடமும் சொல்ல முடிந்தது. இன்னொரு அழுகை அதன் பின்னால் நின்றது, வெட்கப்பட்டுக்கொண்டு. அறுபது வயதில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். உறவு என்ற பெயரில் வந்ததால் அவளை நான் அடையாளம் காணவில்லை. உறவு போன பிறகு, அவளை எந்தப் பெயரில் திரும்பக் கேட்பது?

ஞாயிறுகளில் தனியாகவே வரைபடத்தைத் திறந்தேன். மழை ஓட்டில் பேசிக்கொண்டிருக்கும். விரல் அந்தச் சாலையில் போகும். ஒருநாள் விரல் அவிலாவில் நின்றது. அங்கே போக எனக்கு ஆசையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எப்போதுமே இருந்ததில்லை. சலமாங்காவுக்குப் போகவும் இல்லை. யாருக்காக இத்தனை ஊர்கள்?

மனதில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். ஊர்கள் போனபின் சாலை மிஞ்சியது. சாலையின் இருபுறமும் அந்த மஞ்சள்.

போனை எடுத்தேன். அவர் எண்ணை அழுத்தினேன்.

"சொல்லுங்க" என்றார். கூடவே வரும் 'சம்பந்தியம்மா' என்ற சொல் இம்முறை வரவில்லை.

"எனக்கு அந்த அவிலா கோட்டச் சுவரு வேணாம்" என்றேன். இத்தனை நாள் மௌனத்துக்குப் பிறகு நான் சொன்ன முதல் வாக்கியம் அது.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, இருமலும் சேர்ந்து.

"அடக் கடவுளே. டீச்சராச்சே, கோட்ட கொத்தளமெல்லாம் பாக்க ஆசப்படுவீங்கன்னுல்ல அதச் சேத்தேன்!"

"நீங்க ஆசப்படுறீங்கன்னுல்ல நான் தலையாட்டுனேன். அந்த சர்ச்சும் உங்களுக்குத்தான்."

"அத்தன படி ஏற எனக்கு முட்டி எங்க இருக்கு? சரி, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"அந்த ரயில்ல பாத்தமே. ஒண்ணுமில்லாத எடம்."

"எனக்கும் அதான்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அமுதன்மேல உங்களுக்குக் கோவம் இல்லியா?" என்றார்.

"இருக்கு. உங்க மேல வரமாட்டேங்குது."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஜலதோஷம் என்றார். எனக்கும் ஜலதோஷம்தான்.

அந்தப் பயணத்தை அவரோடு போகட்டுமா என்று அன்று மாலையே பொன்னியிடம் கேட்டேன். வார்த்தை வராமல் சுற்றிச் சுற்றிக் கேட்டேன். அவள், "அத்ததான ஓட்டுவாங்க? அப்பப் பயமில்ல. அவங்கள ஓட்டவிட்டுட்டு நீ தூங்கிராத" என்றாள். அத்தை என்ற சொல்லை அவள் கீழே வைக்கவில்லை.

கார்த்திகையில் மழை வெறித்த ஒரு பிற்பகல். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மதுரையிலிருந்து தனியாகவே ஓட்டி வந்திருந்தார்.

"ஏறுங்க மதினி. ஓட்டிப் பழகணும்."

மதினி. எங்கள் பக்கம் பிள்ளைகளின் கல்யாணம் சம்பந்திப் பெண்களுக்குக் கொடுக்கிற முறைப்பெயர் அது. கல்யாணம் இருந்தபோது நாங்கள் அப்படி அழைத்துக்கொண்டதில்லை.

கோதை வெளியே வந்தாள். "எங்கக்கா கெளம்பிட்ட?"

"ஸ்பெயினுக்கு" என்றேன். ஏறிக் கார் கதவைச் சாத்தினேன்.

விளாத்திகுளம் சாலை. ஸ்பெயினில் வலது பக்கமாக ஓட்ட வேண்டுமே, பயமில்லையா என்று கேட்டேன்.

"நம்மூர்ல பாதிப்பேரு அப்படித்தான எதுத்தாப்புல வர்றான். அங்க போனா நாமளும் அவனுங்க மாதிரி ஓட்ட வேண்டியதுதான்."

சிரித்தோம். நான் வழி சொன்னேன், அவர் திருப்பினார். நேராக என்றேன், நேராகப் போனார். என் வார்த்தைக்கு ஒரு வண்டி திரும்புகிறது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. குறுகலான ஒரு கிளைச் சாலையில் இறங்கினோம். ஊர்கள் பின்னால் போயின. இருபுறமும் ஈரக் கரிசல், அதன்மேல் இரண்டு இலை விட்ட உளுந்து. தூரத்தில் காற்றாலைகள் அவசரமில்லாமல் சுற்றின.

"இந்த எடத்துல என்ன இருக்கு?" என்றார்.

சுற்றிப் பார்த்தேன். கோயில் இல்லை. கடை இல்லை. ஒரு மரம்கூட இல்லை.

"ஒண்ணுமில்ல."

"உங்களுக்கு எறங்கணுமா? எனக்காகச் சொல்லாதீங்க."

"எறங்கணும்" என்றேன்.

வண்டி ஓரமாக நின்றது. கதவைத் திறந்ததும் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. மண்ணில் கால் வைத்தோம். கரிசல் செருப்பைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றது. செருப்பைக் கழற்றி அங்கேயே விட்டோம். பாதத்தின் கீழ் பூமி குளிர்ந்து, மெல்ல இறங்கிக்கொடுத்தது. வெளிச்சம் நிலத்தின்மேல் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது, எங்கள் இருவரின் கணுக்கால் வரைக்கும்.