ஒன்பதாம் மாடிக்குக் கேட்கும் பைப்

மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டாலே எரிந்து விழுகிற ஜெகதீஸ்வரி, சத்தம் போடும் புகை பைப்பை வண்டியில் மாட்டிக்கொள்ளும்படி புருஷன் மோகனராஜிடம் அவளாகவே சொன்னாள். அதுவும் சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்கேயோ உதைக்கிறதே என்று அவன் நினைத்தான்.

ஜெலுத்தோங் பட்டறையில் மெக்கானிக் கார்த்திகேசு பழையதைக் கழற்றிப் புதிய பைப்பைப் பூட்டி முறுக்கினான். தகரக் கூரை அதிர்ந்தது.

"நீங்க முக்கு திரும்பும்போதே ஒன்பதாம் மாடியில அக்காவுக்குக் கேட்டுரும் லா."

மோகனராஜுக்குப் பொறி தட்டியது. வேலை முடிந்ததும் வீட்டைத் தாண்டி அவன் சீட்டாடப் போவதும் இனிக் கேட்கும்.

"தம்பி, பழைய பைப் இங்கயே இருக்கட்டும். போலீஸ் ரோட்பிளாக் போட்டா மாத்திக்கணும்ல."

கார்த்திகேசு தலையைச் சொறிந்தான். "அத அவங்க கையிலதான் குடுக்கணும்னு அக்கா காலையிலேயே போன் பண்ணிட்டாங்கண்ணே."