எலோய் குடியிருந்த விலாசம்

மீன் விற்கிற கோவாவுக்கு நாற்பது வயதாக இன்னும் ஏழு மாதம்தான் இருந்தது என்பது எங்கள் கட்டடத்தின் ஐந்து மாடிக்கும் தெரிந்திருந்தது. சமையலறை ஜன்னல்கள் எல்லாம் துணிக்கொடி கட்டிய ஒரே இடுக்கைப் பார்த்துத் திறக்கும்போது எதைத்தான் மறைக்க முடியும்? கடலோர ஊரான ஹிஹோனில் மழை ஓய்வதே அபூர்வம். ஓய்ந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் துணி காயப்போட வந்துவிடுவோம், காதையும் தீட்டிக்கொண்டு.

அவள் புருஷன் எலோய் டவுன் பஸ் ஓட்டுகிறவன். முதல் மனைவி நோயெலியாவுக்கு இரண்டாவது பெண் பிறந்ததும் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டான். பதினொரு வருஷத்துக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை, அரை மணி நேர வேலை. அன்று சாயங்காலம் மதுக்கடையில் நின்றபடியே குடித்தான். உட்கார முடியவில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

கோவாவைக் கட்டிக்கொள்ளும்போது அவன் எதையும் ஒளிக்கவில்லை. "பயப்படாதே. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே ஒவியேதோ கிளினிக்ல கொஞ்சம் உறைய வச்சுட்டேன்," என்றான். அதை நம்பி மூன்று வருஷத்தை அவசரமில்லாமல் ஓட்டினாள். மார்க்கெட்டில் நாள் முழுக்க ஐஸில் சூரையும் மத்தியும் அடுக்கி விற்கிறவள் அவள். ஐஸில் வைத்தது கெடாது என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

பிப்ரவரியில் டாக்டரம்மா வழிகளைச் சொன்னாள். வெட்டிய குழாயைத் திரும்ப இணைக்கலாம். ஆனால் பதினொரு வருஷம் ஆகிவிட்டது, பலித்ததா என்று தெரியவே இன்னொரு வருஷம் போகும். இல்லாவிட்டால் விதையிலிருந்தே ஊசியால் உயிரணுவை எடுத்து, ஆய்வகத்தில் கோவாவின் முட்டையோடு சேர்க்கலாம். முன்பின் தெரியாத ஒருவர் தானமாகக் கொடுத்ததையும் வாங்கலாம்.

"தானம்னா புருஷன் கையெழுத்துப் போடணும். தனியா இருக்கிற பொம்பளைக்கு யார் கையெழுத்தும் வேண்டாம்," என்றவள், காகிதத்தைத் தள்ளி வைத்தாள். "உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? உறைய வச்சதுதான் இருக்கே. அந்த ரசீதைக் கொண்டாங்க."

ரசீது கிடைத்தது. சரக்குதான் கிடைக்கவில்லை. இன்னும் வைத்திருக்கட்டுமா என்று கிளினிக் இரண்டு முறை பதிவுத் தபாலில் கேட்டிருந்தது. இரண்டும் திரும்பி வந்துவிட்டன. முந்தின வருஷம் அழித்துவிட்டார்கள்.

"எந்த அட்ரஸுக்கு அனுப்பினீங்க?" என்று கேட்டாள் கோவா.

"நகராட்சிப் பதிவுல அவர் எங்க குடியிருக்காரோ அங்கதாம்மா."

நகராட்சியைப் பொறுத்தவரை எலோய் இன்னும் நோயெலியாவோடுதான் குடியிருந்தான். அவள் வீடு கடற்கரைப் பக்கம். அங்கே கார் நிறுத்தும் அட்டையைப் பதிவு செய்த தெருக்காரர்களுக்குத்தான் கொடுப்பார்கள். விலாசத்தை மாற்றினால் அட்டை போய்விடும். அதனால் அவன் மாற்றவில்லை. ஊரில் பாதிப் பேர் படுப்பது ஓரிடம், பதிந்திருப்பது ஓரிடம். யாரும் யாரையும் இதற்காகக் குறை சொன்னதில்லை.

"என் தம்பியைப் புதைச்சு ஆறு வருஷமாச்சு, மகளே. இன்னும் எங்க வீட்லதான் குடியிருக்கான்," என்று மூன்றாம் மாடி ஒலிவா ஜன்னல் வழியாக ஆறுதல் சொன்னாள். கோவா ஜன்னலைச் சாத்தினாள்.

மறுநாள் ஒரு கிலோ மத்தியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு நோயெலியாவின் வீட்டுக்குப் போனாள். சண்டைக்குப் போகிறவள் எதற்கு மீன் கொண்டுபோனாள் என்று ஒரு வாரம் பேசினோம். வெறுங்கையோடு போக அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

"பதிவுத் தபால் ஏதாவது வந்துச்சா உங்களுக்கு?"

"எனக்கில்ல, அவனுக்கு வந்துச்சு," என்றாள் நோயெலியா. "எலோய் இருக்காரான்னு தபால்காரன் கேட்டான். இங்க இல்லன்னேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ஏதாவது அபராதமா இருக்கும், தப்பிச்சுப் போகட்டுமேன்னு நெனச்சேன். நான் பொய் சொல்லலியே. இங்க இல்லதானே அவன்?"

கோவா வாயில் தயாராக வைத்திருந்த ஏச்சு எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. கதவுக்குப் பின்னால் மழை பூட்ஸ் இரண்டு ஜோடி, ஒன்று பெரிது, ஒன்று சின்னது. அவற்றைப் பார்த்தபடியே மீனை நீட்டினாள். நோயெலியாவும் வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரலில் ஊசி. எலோய் இரண்டு நாள் காலை அகட்டி நடந்தான். படிக்கட்டில் யாரும் சிரிக்கவில்லை. உபயோகப்படும்படி எதுவும் கிடைக்கவில்லை. இப்படி ஆவது ரொம்ப அபூர்வம் என்றாள் டாக்டரம்மா. அதை ஓர் ஆறுதலாகச் சொன்னாள் போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். சாத்தியிருந்தும் நன்றாகவே கேட்டது.

"இன்னொருத்தனோடது எனக்கு வேண்டாம், கோவா. கையெழுத்துப் போட மாட்டேன்."

"உனக்கு ரெண்டு இருக்கு. அதான் வேண்டாம்கிற."

"அதுக்காகச் சொல்லல."

"பின்ன எதுக்கு?"

தட்டு கழுவும் சத்தம் நின்றது. "அந்தக் குழந்தையைப் பார்க்கிறப்பல்லாம் எனக்கு அந்தத் தபால்தான் ஞாபகம் வரும்," என்றான்.

"எனக்கு உன்னைப் பார்த்தாலே வருது."

மேலே ஒலிவா துணிக் கவ்விகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டாள், சத்தம் வராமல்.

வியாழக்கிழமை எலோய் லீவு போட்டான். விலாசம் மாற்ற நகராட்சிக்குப் போகலாம், நீயும் வா என்றான். பரிகாரம் செய்கிற முகத்தோடு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டான். கோவா கூடவே போனாள். நாற்பதுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பஸ்ஸில் அதை வாரமாக்கிப் பார்த்தாள்; கூடுதலாகத் தெரியவில்லை.

கவுன்ட்டரில் இருந்த பெண் தட்டச்சு செய்து முடித்தாள். "அந்த வீட்ல ரெண்டு பேர். வேற யாரையாவது சேர்க்கணுமா?"

"இப்போதைக்கு இல்ல," என்றான் எலோய்.

இயந்திரம் தாளைத் துப்பியது. இரண்டு பெயர், ஒரே விலாசம், கீழே முத்திரை. மூன்று வருஷம் முன்னால் இதே தாளுக்கு அவனை எத்தனை முறை கேட்டிருப்பாள். எலோய் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

கோவா நகரவில்லை. தனியாக இருக்கிற பொம்பளைக்கு யார் கையெழுத்தும் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னது அவளுக்கு மறக்கவில்லை.

"ஒருத்தர் பேரை எடுக்கணும்னா எங்க வரணும்?" என்று கேட்டாள்.

"இதே கவுன்ட்டர்தாம்மா. ஆனா அவங்க நிஜமாவே வீட்டைவிட்டுப் போயிருக்கணும்."

"நான் வர்றதுக்குள்ள போயிருப்பாரு," என்றாள் கோவா.

வாசலில் மழை பிடித்திருந்தது. எலோய் குடையை விரித்து, அவளுக்கும் இடம் விட்டு, காத்துக்கொண்டு நின்றான்.