ராஜதுரை அண்ணாச்சியின் வாய்க்கட்டு

எழுபத்திநாலில் மெட்ராசிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி தூத்துக்குடிக்கு வந்து, உப்பள முதலாளி ராஜதுரை அண்ணாச்சி வீட்டில் படம் பிடித்தது. குடும்பப் படம், புருஷன் செத்ததும் வீடு நிம்மதியாகிற கதை. வெயிலை வீட்டுக்குள் திருப்பிவிடும் தகரப் பலகையைப் பிடித்தவன் நான். அதனால் நான் சொல்வதில் ஒரு எழுத்துகூடப் பொய் இருக்காது.

வாடகை வேண்டாம், தனக்கு ஒரு வேஷம் வேண்டும் என்றார் அண்ணாச்சி. மிச்சமிருந்தது பிணம் மட்டும்தான். சம்மதித்தார். மனைவி சீனித்தாய் மட்டும் தலைகாட்டக் கூடாது. "எங்க வீட்டுப் பொம்பளை சினிமாவுலயா?" என்று அவளை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். வேலைக்காரியாக நடிக்க வந்தவளுக்கோ நம்மூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் பதினெட்டு வருஷமாகப் பாத்திரம் தேய்க்கும் பேச்சியையே அழச் சொல்லி நிறுத்தினார்கள்.

பேச்சியின் மகளுக்கு ஸ்ரீவைகுண்டத்தில் பிள்ளை பிறந்து நாற்பது நாள். போய்ப் பார்க்க மூன்று தடவை லீவு கேட்டாள். மூன்று தடவையும் அண்ணாச்சி, "நீ போனா இங்கன யாரு வேலை செய்வா?" என்றார்.

பெஞ்சில் அண்ணாச்சியைக் கிடத்தி, முறைப்படி நெற்றியில் காசு ஒட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, நாடியைச் சுற்றி வாய்க்கட்டும் போட்டாயிற்று. "ஒரே ஒரு பிலிம் சுருள்தான் இருக்கு. பிணம் அசைஞ்சா படமே போச்சு" என்றார் டைரக்டர். தெருவே வாசலில் நின்றது.

பேச்சிக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. காலடியில் உட்கார்ந்தாள்.

"மொதலாளி, நாளைக்குக் காலை பஸ்ஸுல மக வீட்டுக்குப் போறேன். நாலு நாள். வேண்டாம்னா இப்பமே சொல்லிருங்க."

பிணத்துக்கு வேர்த்தது. நெற்றிக் காசு வழுக்கி விழுந்தது. வாய்க்கட்டு மெல்ல நெகிழ்ந்து, உதடு திறக்கப் பார்த்தது. அப்போதுதான் சீனித்தாய் கதவைத் திறந்து கேமராவுக்கு முன்னால் வந்தாள். கட்டை அவிழ்த்து, இறுக்கி, இரண்டு முடிச்சாகப் போட்டாள்.

"ஏளா பேச்சி, அவுகதான் ஒண்ணும் சொல்லலையே. போயிட்டு வா."

நாலு நாளும் அண்ணாச்சி வாய்க்கட்டோடு திரிந்தார் என்று ஊரில் சொல்வார்கள். சுத்தப் பொய். மூன்று நாள்தான். எந்த முடிச்சையும் தானாக அவிழ்த்து அவருக்குப் பழக்கமில்லை. அவர் கையைக் காட்டும்போதெல்லாம் சீனித்தாய் அடுப்படியில் கையும் கரியுமாக இருந்தாள். நாலாம் நாள் சவரம் பண்ண வந்தவர் அவிழ்த்துவிட்டார்.

படம் வெளிவரவில்லை. ஐந்தாம் நாள் பேச்சி வந்தாள்.

"பேரன் யாரு சாயல்ளா?"

"சரியாப் பாக்கலைம்மா. அவன் பக்கத்துல போய்ப் படுத்தேன். நாலு நாளும் தூங்கிட்டேன்."

திண்ணையில் உட்கார்ந்திருந்த சீனித்தாய் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். தேய்க்காத பாத்திரம் முற்றத்தை அடைத்துக் கிடந்தது.