பெயர் தெரிந்த ரம்பம்

ஆலடிக்கரையில் ரம்பம் தனக்குப் பெயர் தெரிந்தவர்களை வெட்டுவதில்லை. அதனால் பாலர் பள்ளியில் மரவேலை தொடங்கும் முன், பிள்ளைகளை ரம்பத்துக்கு அறிமுகம் செய்துவைப்பார்கள்.

ஜெபராணி டீச்சர் அதை அவசரமில்லாமல் செய்வாள். பிள்ளையின் இரண்டு உள்ளங்கைகளையும் விரிக்கச் சொல்லி, ரம்பத்தைக் குறுக்கே படுக்கவைத்து, பெயரைச் சொல்வாள். பிள்ளை, "உள்ளேன் டீச்சர்" என்று பதில் சொல்ல வேண்டும். பெயரும் பதிலும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ரம்பம் லேசாக ஒரு தரம் முனகும். அவ்வளவுதான். சுத்தியலுக்கு மட்டும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். அது கொஞ்சம் மந்தம்.

மற்ற விதிகள் எல்லா ஊரிலும் உள்ளவைதான். ஒரு ரம்பத்துக்கு ஒரு பிள்ளை. கண்ணுக்குக் கண்ணாடி. மரத்தை மேசையில் இருக்கும் இரும்பு வைஸ் கவ்விக்கொள்ளும். பிள்ளையின் இரண்டு கைகளும் ரம்பத்தின் பிடியில் இருக்க வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். மரம் கல்யாண முருங்கை. பிஞ்சுக் கைக்கும் இணங்கும்.

ஆலடிக்கரைக்கு மட்டும் உரிய விதி ஒன்றுண்டு. அறுக்கத் தொடங்கிய பலகையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. பலகை முடியும்வரை ரம்பம் பொறுத்திருக்கும். அதற்குள் தன்னைப் பிடித்திருப்பவர் யாரென்று தெரியாவிட்டால், அது தானாகவே தெரிந்துகொள்ளும். ஒரு விரல் அதற்குப் போதும். கையை இழுத்துக்கொண்டு ஓடினாலும் பின்னாலேயே வரும். பலகையைப் பாதியில் நிறுத்தினால், முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். அந்தப் பள்ளியின் பாட்டு வாத்தியார் ஆர்மோனியத்தில் சில சுரங்களை விட்டுவிட்டுத்தான் வாசிப்பார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

அன்று மதியம் மணியடிக்கச் சற்று முன்பு, கடைசிப் பிள்ளையாக சிவனணைந்தபெருமாள் மேசைக்கு வந்தான். நான்கு வயது. பெயர் அவனைவிட உயரம். ஜெபராணி அவனுடைய கண்ணாடியின் நாடாவைத் தலைக்குப் பின்னால் முடிந்துகொண்டே, வழக்கம்போல அவன் பெயரைக் கூப்பிட்டாள்.

"உள்ளேன் டீச்சர்" என்று குரல் வந்தது.

அவன் அறுக்கத் தொடங்கினான். வாத்துப் பொம்மைக்குக் கழுத்து.

ரம்பத்தின் சத்தம் மாறியிருப்பது அவளுக்குக் கொஞ்ச நேரத்திலேயே தெரிந்தது. தெரிந்த பிள்ளை பிடித்தால் அது பூனை பால் குடிப்பது போல ஒரே சீராக ஓடும். இன்று நின்று நின்று ஓடியது. ஒவ்வொரு இழுப்பிலும் அதன் முனை பையனின் கைப்பக்கம் ஒருமுறை திரும்பி, மோந்து பார்த்துவிட்டு, மறுபடி மரத்துக்குப் போனது.

"சிவனணைந்தபெருமாள்" என்று மெல்லக் கூப்பிட்டாள் ஜெபராணி.

"உள்ளேன் டீச்சர்" என்றாள், கோட்டுக்கு வெளியே நின்ற பெனாசிர்.

பையன் திரும்பவில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு அறுத்துக்கொண்டிருந்தான்.

ஜெபராணி ஓரடி நெருங்கி நின்றாள். குரலை மட்டும் உயர்த்தவில்லை. ரம்பம் ஓடும்போது குரல் உயர்த்துவது எந்த ஊரிலும் தப்பு.

"நீ எதுக்கும்மா சொல்லுத?"

"அவன் பேரு கூப்பிட்டா அவன் திரும்பவே மாட்டான் டீச்சர். தெனமும் நாந்தான் அவனுக்கும் சேத்துச் சொல்லுதேன்."

"அறிமுகத்தன்னிக்கு?"

"அன்னிக்கும் நாந்தான்" என்றாள் பெனாசிர், பெருமையாக.

ஆக, அன்று ரம்பம் முனகியது பெனாசிருக்காக. இரண்டு பெயர் உள்ள பெண் என்று அவளை நினைத்துக்கொண்டிருக்கும். இந்தப் பையனை அதற்கு யாரென்றே தெரியாது.

பலகையில் இன்னும் பாதி இருந்தது.

"வீட்டுல இவன என்ன சொல்லிக் கூப்பிடுவாவ?"

"தம்பின்னு" என்றாள் பெனாசிர்.

ஜெபராணி குனிந்து, "தம்பி" என்று கூப்பிட்டாள்.

அவன் நிமிர்ந்தான். வகுப்பில் இருந்த மற்ற பையன்கள் அனைவரும் திரும்பினார்கள். ரம்பம் சட்டென்று நின்று, இத்தனை முகங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, முன்னைவிட வேகமாக மரத்துக்குள் இறங்கியது. அதற்கு எரிச்சல் வந்துவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள் நின்றிருந்தார்கள். பையனின் அம்மா கோமு ஜன்னல் கம்பியை ஒட்டியே நின்றாள். அவளுக்குப் பின்னால் குடையோடு அவள் மாமனார். பெரிய மீசை. பேரனுக்கு இருந்தது அவருடைய பெயர்தான்.

ஜெபராணி ரம்பத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். "கோமு, உன் பையன அவன் பேரச் சொல்லிக் கூப்பிடு. இப்பமே."

கோமு கம்பியைப் பிடித்தாள். "தம்பின்னுதான் டீச்சர் கூப்பிடுவேன்."

"அது போதாது. முழுப் பேரு வேணும். பெத்தவ கூப்பிட்டாத்தான் அது அவன் மேல ஒட்டும்."

"மாமா பேர நான் எப்படி டீச்சர் சொல்லுவேன்?"

அது உண்மை. கல்யாணமான நாளிலிருந்து கோமு அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. தடுப்பூசி போடும் இடத்தில் பிள்ளையின் பெயர் கேட்டபோது, எதிரே இருந்த சிவன் கோயிலை முதலில் காட்டி, அப்புறம் காலண்டரில் இருந்த பெருமாளைக் காட்டினாள். நர்ஸம்மா புரிந்துகொண்டாள். ஆலடிக்கரையில் மருமகள்கள் அப்படித்தான். மரியாதை மட்டும் காரணமில்லை. மருமகள் வாயில் வந்த பெயர் மாமனாரைவிட்டுக் கழன்றுவிடும். கழன்றது திரும்ப ஒட்டாது.

பலகையில் இரண்டு விரல் அகலம் மிச்சமிருந்தது. பையன் பிடியிலிருந்து இடதுகையை எடுத்து, கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிவிட்டு, அந்தக் கையை அப்படியே மரத்தின்மேல் வைத்துக்கொண்டான்.

"ரெண்டு கையும் பிடியில, ராசா" என்றாள் ஜெபராணி. அவன் எடுத்து வைத்தான். ரம்பம் அந்தக் கை போன வழியைக் கவனித்துக்கொண்டது.

"டீச்சரம்மா" என்றார் மாமனார். "எம் பேரு ஊர்ல எங்கெல்லாம் இருக்கு தெரியுமா? வீட்டு நெத்தியில இருக்கு. லாரி முகப்புல இருக்கு. இத்தன வருசமா கூடவே கெடக்கு. சட்டை மாதிரி கழட்டிக் குடுன்னா எப்படி?"

"கழட்டச் சொல்லலை ஐயா. உங்க மருமகளத்தான் கேக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"ஒண்ணுதான்" என்று ஒத்துக்கொண்டாள் ஜெபராணி.

ஒரு விரல் அகலம். மரத்தூள் பையனின் செருப்பின்மேல் மாவு மாதிரி விழுந்துகொண்டிருந்தது. ஆயா பொன்னுத்தாய் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, பஞ்சை எடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் எடுத்துவைத்தாள்.

மாமனார் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பேரனின் விரல்களைப் பார்த்தார். அவருடைய விரல்களைப் போலவே குட்டையாக, நுனி சப்பையாக இருந்தன.

"சொல்லு தாயி" என்றார்.

கோமு வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"சொல்லுன்னு சொல்லுதேன்லா! நான் உத்தரவு குடுத்துட்டேன். என்ன முழிக்க?"

"வரமாட்டேங்கு மாமா."

"பாதி பாதியாச் சொல்லு. முதல்ல கோயில நெனச்சிக்கோ."

"சிவன்..." என்றாள் கோமு. மாமனாரின் மீசை ஒரு பக்கம் தொங்கியது. ரம்பம் காதைத் தீட்டிக்கொண்டது போல மெதுவானது. நார் அளவு மரம்தான் பாக்கி.

"இப்பம் காலண்டர நெனச்சிக்கோ!"

கோமு கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி முழுப் பெயரையும் ஒரே மூச்சில் கத்தினாள்.

"என்னம்மா?" என்று பையன் திரும்பினான்.

நார் அறுந்தது. வாத்தின் கழுத்து கீழே விழுந்து உருண்டது. ரம்பம் மரத்தைவிட்டு வெளியே வந்து, பையனின் விரல்கள்மேல் ஏறியது. அது ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டு போய், சுண்டுவிரலில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு லேசாக ஒரு தரம் முனகிவிட்டு, அங்கேயே படுத்துக்கொண்டது.

"கூசுது டீச்சர்" என்றான் சிவனணைந்தபெருமாள்.

ஜெபராணி ரம்பத்தை எடுத்து ஆணியில் மாட்டினாள். பொன்னுத்தாய் பஞ்சைப் பெட்டியில் திரும்ப வைத்தாள். ஜெபராணி கையைத் தட்டி மரத்தூளை உதறினாள். ஜன்னலில் நின்ற மாமனாரைப் பார்த்து, "ரொம்ப நன்றி..." என்று தொடங்கினாள். அடுத்துச் சொல்ல அவரிடம் இப்போது பெயர் இல்லை. அவரும் அதற்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலை மணியடித்ததும் பிள்ளைகளின் வரிசையில் மாமனார் கடைசியாக நின்றார். முகத்தில் ஒரு நாள் தாடி. பெயரில்லாத ஆளிடம் வரமாட்டேன் என்று சலூனில் கத்தி மறுத்துவிட்டது. வீட்டு அரிவாள்மனையும் அவரை உறுத்துப் பார்க்கிறதாம். முறையாக அறிமுகம் செய்துவைத்தால் தேவலை என்றார்.

"என்ன பேரு சொல்லட்டும்?" என்று கேட்டாள் ஜெபராணி.

அவர் தலையைச் சொறிந்தார். பையன்கள் மூலையில் கூடிப் பேசினார்கள். பிறகு ஒருவன் வந்து, "'தம்பி'ய அவருக்கே குடுத்திருங்க டீச்சர். இனிமே அந்தப் பேருக்கு நாங்க யாரும் திரும்ப மாட்டோம்" என்றான்.

ஜெபராணி இந்தத் தடவை பெனாசிரை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டுத்தான் தொடங்கினாள். ரம்பத்தை அவருடைய உள்ளங்கைகளில் குறுக்கே வைத்தாள்.

"தம்பி."

"உள்ளேன் டீச்சர்" என்றார் அவர்.

ஒரு பையனும் திரும்பவில்லை. ரம்பம் முனகியது. சுத்தியலுக்கு இரண்டு தடவை சொன்னார்கள். அதன் பிறகு அவர் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, மணியடிக்கும்வரை வாத்தின் கழுத்தை உப்புத்தாளால் தேய்த்தார்.

மதியம் கோமு ஜன்னலுக்கு வந்தாள். "சிவனணைந்தபெருமாள்" என்று கூப்பிட்டாள். பையன் பையை எடுத்துக்கொண்டு ஓடினான். "தம்பி, நீயும் வா, போவோம்" என்றாள். மாமனார் பெயருக்கேற்ற பிள்ளையாகத் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வாசலைத் தாண்டும்போது ஆடிக்கொண்டிருந்த முன்பல்லை நாக்கால் தள்ளிக் காட்டினார்.

கோமு குனிந்து பார்த்தாள்.

"பால்பல்லுதான்" என்றாள்.