கறிவேப்பிலை கேட்டு வந்தவள்

1

இந்தக் கதை எனக்குப் பால் பூத் வரிசையில் கிடைத்தது. [நான் ஒட்டுக் கேட்பதில்லை. காதில் விழுகிறது.]

கதாநாயகி கீர்த்தி. புனே பாணேரில் ஐ.டி. வேலை. நிச்சயமான கல்யாணம் வேண்டாம் என்று சொல்வதற்காக சிஞ்ச்வட்டில் அம்மா வீட்டுக்கு வருகிறாள். அவள் வாயைத் திறக்கும் நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி கறிவேப்பிலை கேட்டு மணி அடிக்க வேண்டும். அவளுக்கு அவ்வளவுதான் வேலை. அவளை எழுதிப் பார்த்தேன்.

"உருண்டை முகமும் ஓயாத சிரிப்புமாக ஒருத்தி"

(விட்டுவிட்டேன். உருண்டை முகம் என்றால் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?)

"நெற்றி நிறையக் குங்குமம் வைத்த"

(இது பொட்டு. ஆள் எங்கே?)

2

துணைப்பாத்திரத்தை வாசகர் நம்ப வேண்டுமானால், கதாநாயகிக்குச் சம்பந்தமில்லாத கவலை ஒன்று அவளுக்கு இருக்க வேண்டும். கவலைக்கு எங்கே போவது? எதிர் வீட்டுக்குப் போனேன். கறிவேப்பிலை கேட்டு.*

எதிர் வீட்டு வைஜயந்தி எங்கள் தமிழ் மன்றத்தின் செயலாளர். புனேயில் பிறந்து மராத்திப் பள்ளியில் படித்தவள். கதவு திறந்திருந்தது. வரவேற்புரை ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. காதில் விழுந்தது சுத்தமான தமிழ். கையிலிருந்த தாளிலோ முழுக்க மராத்தி எழுத்து.

செயலாளருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது!

அரை மணி நேரத்தில் கதையில் சேர்த்துவிட்டேன். கீர்த்தி 'வேண்டாம்' என்று குறுக்கே எழுதி வைத்த கல்யாணப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்காரி கையில் எடுக்கிறாள். "வாசகம் பிரமாதம்" என்கிறாள்.

* வீட்டில் ஒரு கட்டு இருந்தது.

3

நாளை ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் செயலாளர் தேர்தல். அதற்கு முன் வைஜயந்தி இந்தக் கதையை மேடையில் வாசிக்க வேண்டும். இது எதிர்த்து நிற்கும் சுந்தரமூர்த்தியின் யோசனை. இங்கே பிறந்தவர்களுக்குத் தமிழ் என்ன தெரியும் என்று லிஃப்டில் வருபவர் போகிறவரிடமெல்லாம் கேட்கிறவர் அவர். வாசிக்கத் திணறினால் ஆறு வருடப் பதவியும் போகும், மானமும் போகும்.

இன்று மத்தியானம் நோட்டும் பேனாவுமாக வைஜயந்தி வந்தாள்.

"அக்கா, உங்க கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு. நீங்க சொல்லுங்கோ, நான் எழுதிக்கறேன்."

நான் கொடுத்திருந்தது டைப் அடித்த தாள்.

சொன்னேன். எழுதினாள். பத்திரிகைப் பத்தி வந்ததும் நிறுத்தினேன்.

"ம், புடே? மேல சொல்லுங்கோ."

(மாற்று: அந்தப் பத்தியைத் தாண்டிவிடுகிறேன். அவள் மானம் பிழைக்கிறது, கதை சாகிறது.)

சொல்லிவிட்டேன். நேர்மையெல்லாம் இல்லை. பத்தி அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

பேனா நின்றது.

"யாரு இவ? பேரு கிடையாதா?"

"சின்னப் பாத்திரம்தானே, வைஜயந்தி."

"சின்னப் பாத்திரத்த இவ்ளோ அழுத்தித் தேச்சிருக்கேளே!"

நான் அடுத்த தாளைத் தேடினேன்.

"அவ இப்படிச் சொல்ல மாட்டா, அக்கா. குறுக்க பேனா போட்டிருக்கறது கண்ணுக்குத் தெரியாதா? படிக்க வராதவ முதல்ல மூஞ்சியத்தான் பார்ப்பா. அந்தப் பொண்ணு அழுதிருக்கா. பார்த்துட்டு, கறிவேப்பிலை வேண்டாம்னு திரும்பிப் போயிடுவா."

இரண்டு வாரமாக எனக்கு வராத வரி அது.

4

அதன்பின் பத்து நிமிடம் அவளாகவே எழுதினாள்.

"என்ன எழுதுற?"

"திருத்தறேன். பேரும் வெச்சுட்டேன்."

"என்ன பேரு?"

"கறிவேப்பிலை கேட்டுண்டு யாரு வந்தாளோ, அவ பேருதான்." நோட்டை என் பக்கம் திருப்பினாள். "பார்த்துக்கோங்கோ."

முழுக்க மராத்தி எழுத்து. இருபத்தொரு வருடமாக சிஞ்ச்வட்டில் இருக்கிறேன். பஸ் நம்பரைக்கூடப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுகிறேன்.

"சரியா இருக்கு" என்றேன்.

"அப்படியா?" என்று நோட்டை மூடினாள்.

கீர்த்தி கல்யாணம் என்னவாயிற்று என்று கேட்காதீர்கள். அவளை மறந்தே போனேன். நாளை பத்து மணிக்கு வைஜயந்தி மேடை ஏறுவாள். கதையில் கறிவேப்பிலை கேட்டு வந்தவள் அவள், நிஜத்தில் வந்தவள் நான். நோட்டில் இருப்பது அவள் பெயர் என்றால் சுந்தரமூர்த்தி செயலாளர். என் பெயர் என்றால் நான் வீடு மாற்ற வேண்டியிருக்கும். முடிவு எழுதியாகிவிட்டது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. இந்தக் கடைசி வரியை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்:

கறிவேப்பிலை கேட்டு வந்தவளின் பெயர்