ஸ்கானில் தெரியுமா?

டொக்டர் சுஹைரா யசோதராவின் வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைப் பூசி, கருவியை வைத்து உருட்டத் தொடங்கினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ அசைந்தது. எல்லாம் பிடிபடப்போகிறது என்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பிடிபட இருந்தது களவுமில்லை, கள்ளக் காதலுமில்லை. நடிப்பு. கலியாணம் முடித்த நாள் தொட்டுக் கட்டிலில் அவள் நடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் லேசுப்பட்ட நடிப்பில்லை. அன்புவழிபுரத்து வீடு அவளுடைய சீதன வீடு. புருசன் பிரசாந்தன் அங்கே வந்து குடியிருக்கிறான். பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் அவளுடைய அப்பாவும் அம்மாவும். பெருமூச்சு பிரசாந்தனுக்குக் கேட்க வேணும், அப்பாவுக்குக் கேட்கக் கூடாது. மேடையில் செய்திருந்தால் யாராவது பொன்னாடை போர்த்தியிருப்பார்கள்.

போன மாதம் வரை அது யாருக்கும் கேடில்லாத பொய்தான். பிரசாந்தனின் தமக்கை கோணேஸ்வரி குசினிக்குள் வைத்துக் குண்டைப் போட்டாள்.

"பொம்பிளைக்கு உள்ளுக்குச் சந்தோசம் வந்தாத்தான் பிள்ளை தங்குமாம். யூடியூப்பில சொல்றாங்கள். உனக்கு எப்பிடி?"

"எனக்கென்ன மச்சாள், ஒரு குறையுமில்லை." அதுவும் நடிப்புத்தான். சொல்லிவிட்டு, அரித்து முடித்த அரிசியையே திரும்பவும் அரித்தாள்.

அதிலிருந்து நித்திரையில்லை. பிள்ளை வராதது தன் பொய்யால்தான். ஸ்கானில் அது தெரியும். டொக்டர் சொல்லிவிடுவார். பிரசாந்தன் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு சல்லியிலுள்ள தாய் வீட்டுக்குப் போய்விடுவான்.

"எல்லாம் வடிவா இருக்கு," என்றார் டொக்டர். "கருப்பையில பிழையில்லை. முட்டையும் வளருது. இனி அவரைப் பரிசோதிப்பம்."

கதிரை நுனியில் இருந்த பிரசாந்தன் தொண்டையைச் செருமினான். "டொக்டர், ஒரு கதை கேள்விப்பட்டனான். பொம்பிளைக்குச் சந்தோசம் இல்லாட்டிப் பிள்ளை தங்காதாமே?"

யசோதரா திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாள். மச்சாள் தம்பியையும் விட்டுவைக்கவில்லை.

டொக்டர் சிரிக்கவில்லை. "முட்டை தன்ட பாட்டில வெளியில வரும். சந்தோசத்தைக் கேட்டுக்கொண்டு வாறதில்லை. அது இல்லாமலும் பிள்ளை தங்கும். இருந்தாக் கெதியாத் தங்கும் எண்டதுக்கும் உறுதியான ஆதாரமில்லை."

"இல்லை டொக்டர், அதில எங்களுக்கு ஒரு குறையுமில்லை." அவன் நெஞ்சை நிமிர்த்தினான். "சும்மா அறிவுக்குக் கேட்டனான்."

வீடு திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிள் துறைமுக ரோட்டுக்கு ஏறியது. தப்பிவிட்டாள். இனிச் சாகும் வரைக்கும் நடிக்கலாம், ஒருவருக்கும் தெரியவராது. அப்படி நினைத்த பிறகுதான் அவளுக்கு உண்மையிலேயே நெஞ்சு அடித்தது. சாகும் வரைக்குமா?

"நிப்பாட்டுங்கோ."

"என்ன, தலை சுத்துதோ?" அவன் ஓரமாக நிறுத்தினான்.

"டொக்டரிட்டக் குறையில்லை எண்டு சொன்னீங்கள். இருக்கு. எனக்கு அந்தச் சந்தோசம் ஒருநாளும் வந்ததில்லை. நான் நடிச்சனான்."

பிரசாந்தன் திரும்பவில்லை. நங்கூரம் போட்டிருந்த கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லா நாளுமா?"

"ஓம்."

"நிலாவெளி ஹோட்டல்ல நிண்டமே, அண்டைக்கும்?"

"அண்டைக்குத்தான் நல்லாச் சத்தம் போட்டு நடிச்சனான். அப்பா இல்லைத்தானே."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். காது சிவந்திருந்தது. கத்தப்போகிறான் என்று அவள் பின்னால் ஒடுங்கினாள்.

"நீர் ஏனப்பா சொல்லேல்லை?"

"பயம்."

"எனக்கு இப்ப பயமாக் கிடக்கு," என்றான். "என்ன செய்ய வேணும் எண்டு சொல்லும். செய்யிறன்."

யசோதரா வாயைத் திறந்தாள். அப்போதுதான் விளங்கியது.

"எனக்கும் தெரியாதே," என்றாள்.