ஏழாவது வழி: நான்கு கிலோமீட்டர், எளிது

அன்று இருந்தவர்கள்:

நான்.
அக்கா, தையற்காரி. வலது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம்.
மாமா, அக்காவின் கணவர். பேருந்து ஓட்டுநர். அன்று அவருக்கு வார விடுப்பு.
ஓர் ஏரி.
ஒரு வாத்து. (நிஜமாகவே இருந்தது. எதைச் சந்தேகப்பட்டாலும் வாத்தைச் சந்தேகப்படாதீர்கள்.)
சிவப்புக் குடை பிடித்த ஒரு பெண். இவள் இல்லை. நான் சேர்த்தது. விவரம் மூன்றாம் பகுதியில்.

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொய்யிலிருந்து வந்தது.

கிடங்கில் இரவு வேலையை விட்டு நின்ற பிறகு, போக்குவரத்து அலுவலகத்தில் மூன்று மாதத் தற்காலிக வேலை ஒன்று கிடைத்தது. 'பேருந்தில் போய் ஏரியோரம் நடக்கலாம்: பத்து எளிய வழிகள்' என்று ஒரு கையேடு. எங்கே இறங்குவது, எவ்வளவு தூரம் நடப்பது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு. பத்தையும் நடந்து பார்த்து எழுதுங்கள் என்றார் மேலாளர் அம்மா. நான் பத்தையும் எழுதினேன். நடந்து பார்ப்பதைத்தான் விட்டுவிட்டேன்.

வரைபடம் இருந்தது. நூல் இருந்தது. நூலைப் பாதையின் வளைவுகளில் வைத்து அளந்து, ஓரத்தில் இருக்கும் அளவுக்கோட்டோடு ஒப்பிட்டால் தூரம் கிடைத்துவிடும். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம். பறவைகளை நானாகப் போட்டேன். ஏரி என்றால் பறவை இருக்காதா?

2

கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'ஏரி அன்று ஒரு பெரிய கண்ணாடியைப் போல' (இல்லை. ஏரியை இன்னும் பார்க்கவே இல்லை, அதற்குள் கண்ணாடி.)

'நடப்பது என்பது மனிதன் தன்னைத் தானே' (யாராவது என்னை அறையுங்கள்.)

'வாத்து எங்களைப் பின்தொடர்ந்தது.' (இது நல்ல வரி. ஆனால் வாத்து இரண்டாவது கிலோமீட்டரில்தான் வருகிறது.)

மூன்றையும் அக்காதான் அடித்தாள். அவள் பேனாவைத் தொடுவதில்லை. துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியால் என் தாளில் குறுக்கே ஒரு கோடு. எங்கே வெட்ட வேண்டும் என்று துணிக்கும் தெரியும், இப்போது எனக்கும் தெரியும்.

ஆகவே தொடங்குகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, இன்னும் அச்சுக்குப் போகாத கையேட்டின் பிரதி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அக்கா எடுத்துப் புரட்டினாள். ஏழாம் பக்கத்தில் விரல் நின்றது.

"டேய், இதப் பாரு. 'நீரேற்று நிலையத்துல எறங்கி, கரையோரமாவே நடந்தா அணைமுனை நிறுத்தம். நாலு கிலோமீட்டர். சமதரை. எளிது.' பிசியோ பொண்ணு எனக்கு எவ்வளவு சொல்லுச்சு?"

"எவ்வளவு?"

"நாலு. நாலுக்கு மேல ஒரு எட்டு வைக்கக் கூடாதுன்னுச்சு. எனக்குன்னே எழுதியிருக்கியேடா."

ஐந்து மாதமாக அவள் பார்த்ததெல்லாம் தையல் மெஷினும் எதிர்ச் சுவரும்தான். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

"நல்ல எடம்க்கா" என்றேன்.

3

இந்த இடத்தில் ஒரு பெண்ணைச் சேர்த்தேன். மறுநாள் பேருந்தில் எங்களுக்கு முன்னிருக்கையில், மடியில் சிவப்புக் குடையோடு, தனியாக. ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரிப்பாள். கதையில் ஒரு மர்மம் வேண்டாமா?

வீடு திரும்பிய இரவே அக்கா வரைவைப் படித்தாள்.

"யாருடா இவ?"

"ஒரு பயணி."

"எதுக்கு வர்றா?"

"சும்மா. ஒரு அழகுக்கு."

"வேலையில்லாத ஒரு பட்டன்கூட நான் தைக்க மாட்டேன். எறக்கி விடு அவள."

இறக்கிவிட்டேன்.

உண்மையில் முன்னிருக்கையில் இருந்தது மாமா. ஓட்டுநருக்கு நேர் பின்னால். வளைவு வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

"பாத்தியா மாப்ள, எப்படித் திருப்புறான்னு. கியர எறக்காம."

"மாமா, இன்னிக்கு உங்களுக்கு லீவு."

"காலுக்குத் தெரியலையே."

4

அக்கா தூரத்தை எண்ணும் முறையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் இதற்கு வாத்து சாட்சி.

அறுவைக்குப் பிறகு அவள் வைக்கும் ஓர் எட்டு இருபது அங்குலம். இஞ்ச் டேப் வைத்து அளந்திருந்தாள். நாலு கிலோமீட்டருக்கு ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் எட்டு. இடது பையில் எழுபத்தொன்பது பட்டன். நூறு எட்டுக்கு ஒரு பட்டன் இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும். பேசிக்கொண்டே நடந்தாலும் கணக்கு தவறாது. இருபது வருடம் வாடிக்கையாளர்களோடு வாயடித்துக்கொண்டே அளவெடுத்தவள்.

மூன்று மணி பத்துக்கு இறங்கினோம். ஏரி இருந்தது. எனக்குப் பெரிய ஆறுதல். வரைபடத்தில் இருந்த எல்லாமே இருந்தன: பாதை, மரங்கள், படகுத்துறை. நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய உலகம் அப்படியே என் முன்னால் பரந்து கிடந்தது, எனக்குத் தலை கிறுகிறுத்தது. படைத்தவன் நான்தான் என்று கத்தத் தோன்றியது. பறவைகள்கூட வந்தன. ஒரே ஒரு பறவை. வாத்து. அது அக்காவின் பின்னாலேயே நடந்தது, அவளைப் போலவே சற்றுச் சாய்ந்து சாய்ந்து.

"என்னங்க, இதுக்கும் வலது கால்தான் போல" என்றாள் அக்கா.

மாமா திரும்பிப் பார்த்தார். "லோடு சரியில்ல" என்றார்.

நாங்கள் சிரித்தோம். அவள் வெயிலில் சிரித்து ஐந்து மாதமாகிறது. (இந்த வரியைச் சுண்ணக்கட்டி தொடவில்லை. ஏனென்று நான் கேட்கவில்லை.)

5

நாலே முக்காலுக்கு அக்கா நின்றாள். இடது பைக்குள் கைவிட்டுத் துழாவினாள்.

"பட்டன் தீந்துடுச்சு. ஸ்டாப் எங்க?"

முன்னால் ஏரி. வலப்பக்கம் ஏரி. பாதை தூரத்தில் ஒரு மேட்டைச் சுற்றிப் போனது.

"அந்தத் திருப்பத்துல" என்றேன்.

திருப்பம் வந்தது. இன்னொரு திருப்பம் தெரிந்தது.

"அதுக்கு அந்தாண்ட" என்றேன்.

அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்தாள். வாத்தும் நின்றது.

"நீ இங்க வந்திருக்கியா?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. இரண்டு வாக்கியம்கூட வரைந்து பார்த்தேன். 'போன மாதம் வந்தபோது தண்ணீர்' என்று தொடங்கும் ஒன்று. 'குறுக்குப் பாதையை மூடிவிட்டார்கள்' என்று இன்னொன்று. இரண்டும் நன்றாகவே இருந்தன. அவளுடைய கை முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இல்லக்கா. வரைபடத்துல நூல் வெச்சு அளந்தேன்."

"என்ன நூல்?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நீலம். பக்கக்குறியாக வைத்திருந்தேன்.

"இது எங்க எடுத்த?"

"உன் கூடைல."

அவள் அதை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து இழுத்தாள். நீண்டது. விட்டாள். சுருங்கியது. மறுபடி இழுத்தாள். விட்டாள்.

"என்னங்க," என்றாள் மாமாவிடம், மிக நிதானமாக. "இவன் ஊரையே கம்பளி நூலால அளந்திருக்கான்."

பிறகு அவளால் பேச முடியவில்லை. சிரிப்பு. கல்லிலிருந்து சரிந்து புல்லில் விழுந்து சிரித்தாள். மாமா திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். வளைவில் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறேன், அளவுக்கோட்டில் தளர விட்டிருக்கிறேன், பாதை சுருங்கிவிட்டது. தையற்காரியின் தம்பி. அவளுடைய கூடை. அதில் இழுபடாத நூற்கண்டுகள் முப்பதுக்குக் குறையாமல் இருந்திருக்கும்.

"இப்ப எவ்வளவு இருக்கும்?" என்றார் மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அக்கா விரலால் அளந்தாள். "ஒண்ணுக்கு ஒண்ணரை. ஆறு. இன்னும் ரெண்டு."

கடைசிப் பேருந்து ஐந்து நாற்பதுக்கு. மணி நாலு ஐம்பத்தைந்து. சிரிப்பு அங்கே நின்றது.

6

"மாமா, அந்த டிரைவரு உங்களுக்குத் தெரிஞ்சவர்தானே? போன் பண்ணி அஞ்சு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க."

"இருபத்திரண்டு வருஷத்துல நான் யாருக்காவது நின்னிருக்கேனா?"

"இல்ல."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவன்கிட்ட கேப்பேன்? நீ ஓடு மாப்ள. நான் இவளக் கூட்டிட்டு வரேன்."

ஓடினேன். பேருந்தை எப்படி நிறுத்துவது? ஓடிக்கொண்டே மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) பேருந்தின் குறுக்கே படுத்துவிடுகிறேன். ஓட்டுநர் இறங்கி வந்து திட்டுகிறார், நான் கதை சொல்கிறேன், பயணிகள் கைதட்டுகிறார்கள்.

(ஆ) பேருந்து போய்விடுகிறது. அக்காவை மாமா முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். வானம் சிவக்கிறது.

(இ) சிவப்புக் குடைக்காரி காரில் வருகிறாள். (அவளை இறக்கிவிட்டாயிற்று. மேலும், காரில் வந்தால் கையேட்டின் தலைப்பே கெட்டுவிடும்.)

நடந்தது இது. ஐந்து பதினைந்துக்கு நிறுத்தத்தை அடைந்தேன். ஐந்து நாற்பதுக்கு எதுவும் வரவில்லை. ஐந்து நாற்பத்தெட்டுக்கு மாமாவின் தோளைப் பிடித்தபடி அக்கா வந்தாள், பட்டன்கள் இடது பைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

"போயிடுச்சா?"

"வரவே இல்ல."

ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு வந்தது. மாமா படியேறி, ஓட்டுநரைப் பார்த்து, காப்பாற்றப்பட்ட மனிதனைப் போல அல்ல, அவமானப்பட்ட மனிதனைப் போலச் சொன்னார்:

"பத்தொன்பது நிமிஷம் லேட்டு."

7

இங்கேயே முடித்திருப்பேன். எல்லோரும் வீடு சேர்ந்தாயிற்று. வாத்து ஏரிக்குத் திரும்பியது.

ஞாயிறு காலை அக்கா முழங்காலில் இஞ்ச் டேப்பைச் சுற்றினாள். பதினாறரை. வெள்ளிக்கிழமை பதினைந்து இருந்தது. கையேட்டின் ஏழாம் பக்கத்தை எடுத்து, 'எளிது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சுண்ணக்கட்டியால் 16½ என்று எழுதினாள்.

"மத்த ஒம்பதும் இதே நூலா?"

"இதே நூல்தான். எல்லாத்தையும் ஒண்ணரையால பெருக்கிடலாம்க்கா. நாளைக்குக் காலைல அச்சுக்குக் கேக்குறாங்க."

"ஒம்பது தடவையும் ஒரே மாதிரியா இழுத்த?"

நான் மற்ற ஒன்பது பக்கங்களையும் புரட்டினேன்.

"சரி. அந்தக் குடைக்காரிய எறக்கி விட்டோமே, அவள ஏத்து."

"யாரை?"

"செவப்புக் குடை. அவ கைல உன் புக்கு இருக்கு. தனியா வர்றா. ஏழாம் பக்கத்துல எறங்குறா. அவ முழங்கால் என்ன அளவு? அவ கூட உங்க மாமா இருக்காரா? அன்னிக்கு மட்டும் பஸ்சு சரியான நேரத்துக்கு வந்துடுச்சுன்னா?"

நான் அழகுக்குச் சேர்த்தவள். அவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

"உண்மையச் சொன்னா வேலை போயிடும்க்கா. ஏற்கெனவே ஒண்ண விட்டுட்டு வந்திருக்கேன்."

"போகலாம். போகாமயும் இருக்கலாம். நிமிந்து நில்லு."

நடைக்கூடத்தில் என்னை நடக்கவிட்டு, குதிகாலுக்குக் குதிகால் தரையில் கோடு போட்டு அளந்தாள். என் எட்டு இருபத்தெட்டு அங்குலம். என் இடது பையில் பட்டன்களைக் கொட்டினாள். நீல நூலை மட்டும் திருப்பித் தரவில்லை.

8

இப்போது திங்கட்கிழமை காலை ஏழு மணி. எங்கள் தெரு நிறுத்தத்துக்கு இரண்டு பேருந்துகள் வரும். ஒன்று மேலாளர் அம்மாவின் அலுவலகத்துக்கு. இன்னொன்று முதல் வழியின் ஏரிக்கு. எதில் ஏறினேன், அவர் என்ன சொன்னார், முதல் வழி உண்மையில் எத்தனை கிலோமீட்டர் என்றெல்லாம் கேட்பீர்கள். மூன்றுக்கும் அழகான பதில்கள் என்னிடம் இருக்கின்றன. உட்கார்ந்த இடத்திலேயே எழுதியவை. அதனால் தரமாட்டேன். நீங்கள் எந்தப் பதிலையாவது வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கம்பளி நூலால் அளக்காதீர்கள்.

"எழுதிட்டியா?" என்றாள் அக்கா, காலை நீட்டியபடி.

"கடைசி வரி மட்டும்."

"அத வெளிய நின்னு எழுது. சாவியக் குடு."

கொடுத்தேன். காலணியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் நொண்டி நொண்டி வந்து, என் சட்டைக் காலரைச் சரிசெய்து, கதவைச் சாத்தினாள். உள்ளே சாவி இரண்டு முறை திரும்பியது.